பிள்ளைகளின் எடையும் நமது கடையும்



நமது இதழில் வரி, லைசென்ஸ், கடை வாடகை, தராசு முத்திரை என்று எழுதுவதுதான் வழக்கம். இம்முறை பிள்ளைகளின் உடல் எடையைப் பற்றி எழுத முற்படுகிறோம். 'இது டாக்டர் எழுத வேண்டிய விஷயமாயிற்றே, பருப்பு மண்டிக்காரருக்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பள்ளி விட்டு வரும் பிள்ளை முதலில் நிற்பது நம் கடை வாசலில். அது கை நீட்டிக் கேட்கும் பண்டத்தை எடுத்துக் கொடுப்பதும் நாம்தான். ஆகவே இதில் நமக்கும் பங்கு உண்டு.

இப்போது பல பள்ளிகளில் பிள்ளைகளின் உயரம், எடை பார்த்து ஒரு கார்டு கொடுத்தனுப்புகிறார்கள். அதன் கீழே பி.எம்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். தமிழில் உடல் நிறைக் குறியீட்டெண் என்கிறார்கள். நம் மண்டிக்கு வரும் சில்லறை வணிகர் ஒருவர், பத்து வயதுப் பேரனின் கார்டைக் காட்டி மிகவும் கலங்கிப் போயிருந்தார். அதில் 14.7 என்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கும் அட்டையில் 18.5-க்குக் கீழ் என்றால் எடை குறைவு என்று போட்டிருக்கிறதாம். 'பையன் எலும்பும் தோலுமாகிவிட்டான்' என்று இரண்டு பெரிய டப்பா சத்து மாவு பவுடர் வாங்கி, காலையும் மாலையும் கரைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதே வாரம் வேறொரு நண்பர், தம் பையனுக்கு 21.9 வந்திருக்கிறது, நார்மல் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவனுக்கும் வயது பத்துதான்.

உண்மை இதற்கு நேர்மாறானது. 14.7 வந்த பையன் நலமாக இருக்கிறான். 21.9 வந்த பையனைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஏன் என்பதைப் பார்ப்போம். குழந்தை நல டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கியதையும், நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

கணக்கு மிகவும் சுலபம். கிலோவில் எடையை எடுத்துக்கொண்டு, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். பையன் 138 சென்டிமீட்டர், அதாவது 1.38 மீட்டர், எடை 28 கிலோ. 28-ஐ 1.38-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.38-ஆல் வகுத்தால் 14.7. இன்னொரு பையன் 135 சென்டிமீட்டர், 40 கிலோ. அவனுக்கு 21.9. கல்லாவில் இருக்கும் கால்குலேட்டரே போதும். இந்தக் கணக்கின் மூலத்தை 1830-களில் கண்டு சொன்னவர் பெல்ஜியம் நாட்டு கெட்லே. அவர் டாக்டர் அல்லர், புள்ளிவிவர அறிஞர். பி.எம்.ஐ. என்ற பெயர் 1972-ல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் கட்டுரையில்தான் வந்தது.

கணக்கு பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றே. வந்த விடையைப் படிக்கும் முறைதான் வேறு. 18.5 முதல் 24.9 வரை நார்மல் என்பது வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கான அட்டை. வளரும் பிள்ளைக்கு அந்த அட்டையை வைத்துப் பார்ப்பது, துவரம் பருப்பின் விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு மிளகு விற்பது போன்றது.

18 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரைக்கும் 2007-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, ஐந்து வயதுப் பையனுக்கு 16.6-க்கு மேல் போனாலே அதிக எடை, 18.3-க்கு மேல் போனால் உடல் பருமன். ஆகவே 18 என்பது அவனுக்குப் பருமனின் வாசலில் நிற்கும் எண். பத்து வயதுப் பையனுக்கு 18.5 வரை கவலை இல்லை. அவனுக்கு 18 நல்ல எண், சற்றே மேல் பக்கம். பதினைந்து வயதில் நடு எண்ணே 19.8, அவனுக்கு 18 சற்றுக் கீழ் பக்கம், அதிலும் குறையில்லை. முப்பது வயது ஆளுக்கு 18 வந்தால் அவர் எடை குறைந்தவர். எண் ஒன்று, ஆள் நான்கு, பதிலும் நான்கு!

பத்து வயதுப் பையனுக்கு 13.7-க்குக் கீழ் போனால்தான் மெலிவு என்கிறார்கள். 18.5-க்கு மேல் அதிக எடை, 21.4-க்கு மேல் பருமன். இப்போது நம் நண்பர்கள் இருவரின் கார்டுகளையும் மறுபடி பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு அட்டவணை தனி. பத்து வயதில் அவர்களுக்கு 19 வரை இருக்கலாம். பதினைந்து வயதில் 23.5 வரை, அதே வயதுப் பையனுக்கு 22.7 வரைதான். பெரியவளாகும் காலத்தில் பெண் பிள்ளையின் உடலில் கொழுப்பு கூடுவது இயற்கை, அது தேவையும்கூட. பையன்களும் உயரம் கூடத் தொடங்குமுன் கொஞ்சம் உப்பியது போலத் தெரிவது உண்டு. ஒன்றிரண்டு ஆண்டில் உயரம் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு கார்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தால்தான் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்பது விளங்கும். ஒரு நாள் வியாபாரத்தை வைத்து ஆண்டுக் கணக்கு முடிக்கிறோமா?

இன்னொன்றும் தாய்மார்கள் அறிய வேண்டும். ஒரு வயதில் கொழுகொழு என்று இருந்த குழந்தை, ஓடி விளையாடத் தொடங்கியதும் மெலிந்து தெரியும். ஒரு வயதில் 17-ஐ ஒட்டி இருக்கும் எண் ஐந்து வயதில் 15-ஐ ஒட்டி இறங்கும். பிறகுதான் மெல்ல ஏறும். இந்த இறக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது. இதைக் கண்டு பயந்து, ஓடுகிற பிள்ளையைத் துரத்தித் துரத்தி ஊட்டுகிறார்களே, அதில்தான் பல வீடுகளில் வினை தொடங்குகிறது.

அளவு எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் தொழிலே அளவுதானே! எடையில் அவ்வளவு பிழை வருவதில்லை. மூட்டை போடும் எலெக்ட்ரானிக் தராசில் பிள்ளையை நிறுத்தினாலும் சரியாகத்தான் காட்டும். கோளாறு எல்லாம் உயரத்தில். செருப்போடு நிறுத்துவது, கொண்டை வைத்த தலைமேல் அளப்பது, டெய்லர் டேப்பைத் தோராயமாகப் பிடிப்பது, 'நாலரை அடி இருப்பான்' என்று கண்மதிப்பில் எழுதிவிடுவது. உயரத்தால் இரண்டு முறை வகுக்கிறோம் அல்லவா, அதனால் உயரத்தில் வரும் பிழை விடையில் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். பத்து வயது, 35 கிலோ உள்ள பையனை 135 சென்டிமீட்டர் என்று எழுதினால் 19.2 வரும், அதிக எடை. அவனையே செருப்போடு நிறுத்தி 138 என்று எழுதினால் 18.4, நல்ல எடை! மூன்று சென்டிமீட்டர் செருப்பும் முடியும் ஒரு பிள்ளையின் நிலையையே மாற்றிவிட்டன. வெறுங்காலோடு, குதிகாலும் முதுகும் சுவரில் பட, பார்வை நேராக இருக்க நிறுத்தி, தலைமேல் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்துச் சுவரில் கோடு போட்டு அளப்பதே சரி. வயதையும் நடக்கிற வயதாக எழுதாமல், முடிந்த ஆண்டும் மாதமுமாக எழுத வேண்டும்.

இவ்வளவு சரியாக அளந்தாலும் அந்த எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மூட்டையின் மொத்த எடை தெரிந்தால் போதுமா? சாக்கு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று நாம் பார்ப்பதில்லையா? பி.எம்.ஐ. என்பது மொத்த எடையை வைத்துப் போடும் கணக்கு. சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. புனே நகரத்து டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்களையே உதாரணமாக வைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடலில் கொழுப்பு லண்டன்காரருக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! இந்தியர் உடம்பு வெளியே ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பைச் சேர்த்து வைக்கும் உடம்பு, அதுவும் வயிற்றைச் சுற்றி. நமக்குச் சர்க்கரை வியாதி சீக்கிரம் வருவதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள். ஆகவேதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனி அட்டவணை வெளியிட்டபோது, வளர்ந்தபின் 23-ல் போய் முடியும் கோட்டையே அதிக எடையின் எல்லையாகவும், 27-ல் முடியும் கோட்டைப் பருமனின் எல்லையாகவும் வைத்தார்கள். மேல்நாட்டில் பெரியவர்களுக்கு 25, 30 என்று வைத்திருக்கும் எல்லைகளை நமக்குக் கீழே இறக்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பார்க்க இன்னொரு வழியும் உண்டு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 140 சென்டிமீட்டர் பிள்ளைக்கு 70-க்குள் இருக்க வேண்டும். இதற்கு ஒரு டேப் போதும், கணக்கும் வேண்டாம்.

நாட்டு நிலவரம் என்ன? மத்திய அரசு 2016 முதல் 2018 வரை பிள்ளைகளிடம் எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 24 பேர் மெலிந்தவர்கள், 5 பேர் அதிக எடை உள்ளவர்கள். ஆக, நம் நாட்டின் பெரிய குறை இன்னும் மெலிவுதான். 1956-ல் காமராஜர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 முதல் காலைச் சிற்றுண்டி என்று தமிழகம் தொடர்ந்து செலவழித்து வருவது வீண் இல்லை. ஆனால் அதே கணக்கெடுப்பில், சர்க்கரை வியாதிக்கு முந்தைய நிலை பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு இருந்தது என்பதைப் படித்தபோது நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தில் ஒருவர்! பருமனான பிள்ளைகளின் எண்ணிக்கையை விட இது அதிகம்.

இனி நம் கடைக்கு வருவோம்.

கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் பிள்ளையின் கண் மட்டத்துக்குத்தான் தொங்குகின்றன. கம்பெனி ஆள் வந்து கம்பி மாட்டி, எங்கே தொங்கவிட வேண்டும் என்று அவரே காட்டிவிட்டுப் போகிறார். முப்பது கிராம் சிப்ஸில் சுமார் 160 கலோரி, கூடவே உப்பு. 250 மில்லி கலர் பாட்டிலில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை, அது 100 கலோரிக்கு மேல். நாள் ஒன்றுக்குச் சுமார் இரண்டாயிரம் கலோரி வேண்டிய பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு இந்த இரண்டிலேயே போய்விடுகிறது. சதை வளரப் பருப்பும் முட்டையும் தரும் புரதம் அதில் பெயரளவுக்குத்தான். வீட்டில் வயிறாரச் சாப்பிடும் பிள்ளைக்கு இது மேல்வரவு, எடை ஏறும். வீட்டில் அரை வயிறு சாப்பிடும் பிள்ளைக்கு இதுவே பசியை அடைத்துவிடும், இரவுச் சோறு இறங்காது. மெலிந்த பிள்ளை, பருத்த பிள்ளை இரண்டுக்கும் ஒரே சரத்திலிருந்துதான் கிழித்துக் கொடுக்கிறோம்.

நாமும் பாக்கெட் சரக்கு மொத்தமாகக் கொடுப்பவர்கள்தாம். இதை எழுதுவதால் நமக்கு லாபம் ஒன்றுமில்லை. பாக்கெட்டை விற்கவே கூடாது என்றும் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ஆன்லைன்காரன் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் 50 மீட்டர் விதியைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் பேசப்படும் பேச்சு நமக்கு உடன்பாடில்லை. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் வெளியிட்ட இந்த விதி 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்பது விதி. 'என் கடை முப்பது வருஷமாக இருக்கிறது, பள்ளிக்கூடம்தான் பிறகு வந்தது' என்று ஓர் அங்கத்தினர் கேட்கிறார். அவர் ஆதங்கம் புரிகிறது. டி.வி.யில் நடிகரும் கிரிக்கெட் வீரரும் வந்து சாப்பிடச் சொல்லலாம், நாம் மட்டும் விற்கக் கூடாதா என்பதும் சரியான கேள்வியே.

ஆனாலும் பள்ளி வாசலில் சிப்ஸ் விற்கும் உரிமைக்காக நம் சங்கம் கொடி பிடித்தால் ஊரில் ஒரு தாய் நம் பக்கம் நிற்பாளா? நாம் கேட்க வேண்டியவை வேறு. எந்தெந்தப் பண்டம் என்பதைக் கடையில் ஒட்டி வைக்கும்படி தமிழில் பட்டியலாகக் கொடுங்கள் என்று கேட்கலாம். 50 மீட்டரைச் சோதனைக்கு வந்த அன்று கண்மதிப்பில் சொல்லாமல், முன்கூட்டியே அளந்து எழுதிக் கொடுங்கள் என்று கேட்கலாம். அந்த எல்லைக்குள் உள்ள கடையில் தேங்கும் சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் கறாராகப் பேசலாம். இவை நடக்கக்கூடிய கோரிக்கைகள்.

அரசாங்கமும் இதில் ஒரு நிலையில் நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த கலர் பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், பாக்கெட் மிக்சர் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. ஒரு கையால் தடுத்து, மறு கையால் அழைக்கிறார்கள். வியாபாரி என்ற முறையில் வரி குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சி. தாத்தா என்ற முறையில் அவ்வளவாக இல்லை.

சத்து மாவு பவுடர் விஷயத்துக்கும் வருகிறோம். இதை வாங்க வருபவர் பெரும்பாலும் நம்மிடம்தான் 'எது நல்லது அண்ணாச்சி?' என்று கேட்கிறார். 2024 ஏப்ரலில் இத்தகைய பானப் பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம். டப்பாவின் பின்பக்கம் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால், வாங்குகிறவர் பணம் எதற்குப் போகிறது என்று நமக்கே தெரிந்துவிடும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, சுண்டல் கடலை எல்லாம் நம் கடையிலேயே மூட்டையாக இருக்கின்றன. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. வெல்லமும் சர்க்கரைதான், பிள்ளைக்கு ஒன்று போதும். ஆனாலும் அதில் கடலையாவது இருக்கிறது. ஐந்து ரூபாய்க்கு வறுகடலைப் பொட்டலம் கட்டி முன்வரிசையில் வைத்தால் கம்பெனி பாக்கெட்டை விட நமக்கு நிற்கும் லாபமும் கூடுதல். கட்டுகிற வேலை ஒன்றுதான். அதற்குத்தான் ஆள் இல்லை என்கிறீர்கள், தெரியும்.

மற்றவர் பிள்ளைகளைச் சொல்லிவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லாமல் விட முடியாது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வரும், கல்லா பக்கத்தில் உட்காரும். காசு கொடுக்க வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. ஒரு பாக்கெட், ஒரு ஜூஸ், வீட்டுப்பாடம் முடிவதற்குள் இன்னொரு பாக்கெட். நாம் கடை அடைத்துப் போக இரவு பத்தரை ஆகிறது. அப்பா வரட்டும் என்று விழித்திருந்து, நம்மோடு உட்கார்ந்து புரோட்டாவும் சாப்பிடுகிறது. விளையாட நேரம் எங்கே? தொந்தி வைத்தால் செல்வாக்கு, பிள்ளை கொழுகொழு என்று இருந்தால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று பெயர். வாரத்தில் நான்கு நாளாவது மாலையில் அதைக் கடைப்பக்கம் வரவிடாமல் மைதானத்துக்கு அனுப்புங்கள். கல்லாவைப் பழக இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது.

பருத்த பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது என்பதை டாக்டர் அழுத்திச் சொன்னார். வளரும் வயதில் எடையைக் குறைக்க முனையாமல், ஏறாமல் நிறுத்தி வைத்தாலே பல பிள்ளைகளுக்குப் போதுமாம். உயரம் கூடக் கூட எண் தானே இறங்கும். எந்தப் பிள்ளைக்கு எது என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதுபோலவே கேலி. கடைக்கு வரும் பிள்ளையை 'என்னடா குண்டு', 'வாடா ஒல்லிக்குச்சி' என்று அழைப்பதை நம்மில் பலர் பிரியம் என்று நினைக்கிறோம். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு அது பிரியமாகக் கேட்காது. சாப்பாட்டையே ஒதுக்கிவிடும் பிள்ளைகளும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகிறது.

மே 5 வணிகர் தினத்தன்று வழக்கமாக ரத்ததான முகாமும் கண் பரிசோதனையும் நடத்துகிறோம். அப்போது பள்ளி விடுமுறை, பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். அங்கத்தினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், கடைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் உயரம், எடை பார்த்து, வயதுக்குரிய அட்டவணையில் குறித்துக் கொடுக்கலாம் என்பது நமது யோசனை. ஒரு குழந்தை நல டாக்டர் வந்தால் போதும். எண்ணை மைக்கில் வாசிக்க வேண்டாம், சீட்டில் எழுதி மடித்துப் பெற்றோர் கையில் கொடுத்தால் நல்லது. தராசு நமது மண்டியிலிருந்தே வரும், இந்த ஆண்டு முத்திரை போட்டாகிவிட்டது. உயரம் அளக்கும் பலகைக்கு யாராவது பொறுப்பேற்றால் அடுத்த செயற்குழுவில் பேசி முடித்துவிடலாம்.